சின்ன மீன்... பெரிய சேதி! தூண்டில் இரைக்குள் இத்தனை அதிசயமா, தெரியுமா?

‘சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடி’ என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்ததை நாம் வியாபாரத்துக்கும் அரசியலுக்கும்தான் பயன்படுத்துகிறோம். அதை அட்சரம் பிசகாமல் நாள்தோறும் செய்துகொண்டிருப்பவர்கள், அமெரிக்காவின் கலிபோர்னியா கடற்பாலங்களில் தூண்டில் போடுகிறவர்கள்! கடலுக்குள் நீட்டிக் கட்டிய பாலம், கைப்பிடிச் சுவரில் சாய்த்துவைத்த தூண்டில் கோல், காலடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன மீன்கள். எல்லார் கண்ணும் கடலுக்குள் இருக்கும் பெரிய மீன் மேல். வாளிக்குள் இருப்பதை யாரும் சட்டை செய்வதில்லை. ஆனால் ஹிட்ச்காக் படம் முதல் நோபல் பரிசைக் கேலி செய்யும் விருது வரை, சுவீடன் கடற்படை முதல் 1,700 வருடச் சரித்திரம் வரை எல்லாம் அந்த வாளிக்குள்தான் இருக்கிறது. எட்டிப் பார்ப்போமா?

பாலத்தில் ஏறினால் லைசென்ஸ் வேண்டாம், தெரியுமா?

கலிபோர்னியாவில் 16 வயது நிரம்பிய எவரும் லைசென்ஸ் வாங்காமல் கடற்கரையில் நின்று மீன் பிடித்தால் அபராதம். அதே ஆள் நாலு எட்டு நடந்து, கடலுக்குள் நீளும் பொதுப் பாலத்தில் ஏறி நின்றால்? லைசென்ஸே தேவையில்லை! ஆளுக்கு இரண்டு தூண்டில் வரை போடலாம். எந்த மீனை எந்த அளவுக்கு மேல் எடுக்கலாம், எத்தனை எடுக்கலாம் என்ற சட்டங்கள் மட்டும் அங்கேயும் உண்டு. படகு வாங்க வசதியில்லாதவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், பல தேசங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள் எல்லாரும் தோளோடு தோள் உரசி நிற்பது இதனால்தான்.

அந்தப் பாலங்களுக்கும் கதை உண்டு. சினிமாவில் ராட்டினத்தோடு வருமே, சான்டா மோனிகா பாலம், அது 1909-ல் எதற்காகக் கட்டப்பட்டது தெரியுமா? ஊரின் சாக்கடைக் குழாயை அலைகளுக்கு அப்பால் கொண்டுபோக! சான்டா குரூஸ் ஊரின் மரப்பாலம் 1914-ல் கப்பல்களுக்காகக் கட்டப்பட்டது. அதன் நீளம் சுமார் 837 மீட்டராக இருந்தது. 2024 டிசம்பர் புயலலையில் அதன் நுனியில் ஒரு பகுதி உடைந்து கடலோடு போனது.

இரையைப் பிடிக்கவே தனித் தூண்டில்!

பெரிய மீனுக்கு இரை சின்ன மீன். சரி, அந்தச் சின்ன மீனுக்கு இரை? ஒன்றுமே இல்லை! ஜப்பானிலிருந்து வந்த ‘சபிக்கி’ என்ற தூண்டில் சரம் அதைப் பார்த்துக்கொள்ளும். ஒரே தங்கூசியில் பெரும்பாலும் ஆறு குட்டி முட்கள். ஒவ்வொன்றிலும் துளி மீன்தோல் அல்லது மினுக்கும் இழை, ஒரு மணி. அடியில் ஒரு ஈயக்குண்டு. பாலத்தின் தூண்களுக்கு அருகில் இறக்கி மெல்ல ஆட்டினால், ஏதோ மிதவை உயிரிகள் மினுங்குகின்றன என்று நினைத்து நெத்திலியும் மத்தியும் வந்து கவ்வும். வாட்டமான நேரத்தில் ஆறு முள்ளிலும் ஆறு மீன்!

ஆனால் எடுத்த எடுப்பில் காய்ந்த கையால் பிடித்துவிடக் கூடாது. நெத்திலியின் செதில் தொட்டாலே உதிரும். செதில் போனால் மீன் வாளியில் நெடுநேரம் தாங்காது. அனுபவஸ்தர்கள் கையை நனைத்துக்கொண்டு, முடிந்தால் மீனைத் தொடாமலே முள்ளை அசைத்து வாளிக்குள் உதறிவிடுகிறார்கள்.

தூண்டில் இரைக்காக வயிற்றைக் கீறினார்... வந்தது என்ன, தெரியுமா?

வருடம் 1852. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் சாசலிட்டோ பக்கத்தில் ஏ.சி. ஜாக்சன் என்பவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். இரை மாற்றவேண்டிய நேரம். பிடித்துவைத்திருந்த மீனின் வயிற்றிலிருந்து ஒரு துண்டு அறுத்துக் கோத்துக்கொள்ளலாம் என்று கத்தியை வைத்தார். உள்ளேயிருந்து ஒரு குட்டி மீன் வந்தது! விழுங்கிய இரையாக இருக்கும் என்று பார்த்தால், தாயை உரித்துவைத்த அச்சு. இன்னும் கீறினால் இன்னும் குட்டிகள். அத்தனையும் உயிரோடு!

மீன் என்றால் முட்டைதான் என்று பலரும் நம்பியிருந்த காலம். ஜாக்சன் அந்தச் சங்கதியை ஹார்வர்டில் இருந்த பெரிய விஞ்ஞானி லூயி அகாசிக்கு எழுதினார். 1853-ல் அகாசி இந்தக் குட்டிபோடும் மீன் குடும்பத்தை உலகுக்கு அறிவித்து, ஒரு வகைக்கு ஜாக்சன் பெயரையே சூட்டினார். தூண்டில் இரைக்காகப் போட்ட ஒரு கத்திக்கீறல் ஒரு மீன் குடும்பத்தையே அறிவியலுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது!

பிறக்கும்போதே மாப்பிள்ளை!

அதே குடும்பத்தின் சிறுசுகளில் ஒன்று ‘ஷைனர்’. உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளி மீன். கலிபோர்னியா பாலங்களில் உயிர் இரை என்றால் பலர் முதலில் தேடுவது இதைத்தான். வாளியில் நாள் முழுக்கத் தெம்பாக நீந்தும், முள்ளில் கோத்த பிறகும் துள்ளும். இதில் அதிசயம் என்னவென்றால், ஷைனரின் ஆண் குட்டி தாய் வயிற்றிலிருந்து வெளியே வரும்போதே இனம் பெருக்கத் தயாராக வருகிறது! பாலப் பருவம் என்ற ஒன்றே அதற்குக் கிடையாது.

ஒரு எச்சரிக்கை. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் பிடிக்கும் இந்தக் குடும்பத்து மீன்களைச் சாப்பிடவே வேண்டாம் என்கிறது மாநிலச் சுகாதார ஆலோசனை. பழைய தொழிற்சாலைக் கழிவான பிசிபி என்ற ரசாயனம் அவற்றின் உடம்பில் சேர்கிறது. லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் சான்டா மோனிகா பாலத்துக்குத் தெற்கிலிருந்து சீல் பீச் பாலம் வரை இதேபோன்ற தடைப்பட்டியல் உண்டு. அதில் ‘டாப்ஸ்மெல்ட்’ என்ற இன்னொரு இரை மீனும் இருக்கிறது. முள்ளில் கோக்கலாம், தட்டில் வைக்கக் கூடாது!

தட்டை மீன் தாவுமா? தாவும்!

ஷைனரைக் கோத்துக் காத்திருப்பது யாருக்காக? பெரும்பாலும் கலிபோர்னியா ஹாலிபட்டுக்காக. நம்மூர் எருமைநாக்கு மாதிரி தட்டை மீன். மணலுக்குள் புதைந்து, கண்களை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு படுத்திருக்கும். குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலப் பக்கத்துக்கு ஒரு கண். வளர வளர ஒரு கண் மண்டையைச் சுற்றி நகர்ந்து மறுபக்கத்துக்குக் குடிபோய்விடும்!

சாஸ்திரப்படி இது இடப்பக்கம் கண் உள்ள தட்டை மீன்களின் குடும்பம். ஆனால் கலிபோர்னியா ஹாலிபட்டில் 100-க்கு 40 வரை வலப்பக்கம் கண்ணோடு இருக்கின்றன. குடும்ப வழக்கத்தையே மீறிய மீன்! வாய் நிறையக் கூர்ப்பற்கள் வேறு. சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். மேல்மட்டத்தில் நெத்திலிக் கூட்டம் போனால், துரத்திக்கொண்டு வந்து தண்ணீருக்கு வெளியே முழு உடம்போடு எகிறிய ஹாலிபட்டுகளை மாநில மீன்வளத் துறையே பதிவு செய்திருக்கிறது. 22 அங்குலத்துக்குக் குறைந்தால் திரும்ப விட்டுவிட வேண்டும். அதனால்தான் பாலத்தில் நிற்பவர் பலரின் பையில் அளவு நாடா இருக்கும்.

எங்கே குத்துகிறோமோ அங்கே நீந்தும், தெரியுமா?

உயிர் மீனை முள்ளில் கோப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. மூக்கில் குத்தினால், நீரோட்டத்தை எதிர்த்து இயல்பாக நிற்கும். செவுளுக்குப் பின்னால் இருக்கும் கெட்டியான எலும்புப் பட்டையில் குத்துவது நெத்திலிக்கே உரிய முறை. அங்கே முள் நன்றாகத் தாங்கும். வயிற்றுப்புறம், பின் துடுப்புக்கு அருகில் குத்தினால் மீன் கீழ்நோக்கி விலகி ஓடப் பார்க்கும். ஆழத்தில் இருக்கும் பெரிய மீனுக்கு அது வசதி. ஆக, ஒரு சின்ன முள்ளின் இடத்தை மாற்றியே மீனை ஓட்டுகிறார்கள்!

செத்த நெத்திலி என்றால் கதை வேறு. சதை கொழகொழத்து முதல் வீச்சிலேயே கழன்று பறந்துவிடும். அதற்கும் வழி உண்டு. உப்பில் புரட்டிவைத்தால் தண்ணீர் வடிந்து சதை இறுகும். மெல்லிய இழுபடு நூலால் முள்ளோடு சேர்த்துச் சுற்றிக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மீனை வீசவே வேண்டாம்... கம்பியில் இறங்குகிற மாதிரி இறங்கும்!

உயிர் மீனைக் கோத்து வேகமாக வீசினால் அது தண்ணீரில் அறைபட்டே பாதி செத்துவிடும். பாலத்துக்காரர்கள் இதற்குக் கண்டுபிடித்த உபாயத்தைக் கேளுங்கள். முதலில் வெறும் ஈயக்குண்டை மட்டும் தூரமாக வீசி அடியில் பதிக்கிறார்கள். தங்கூசி பாலத்திலிருந்து கடலுக்குள் சாய்வாக விறைத்து நிற்கும். பிறகு, உயிர் மீன் கோத்த ஒரு சிறு தனி இழையைக் கொளுவியால் அந்தத் தங்கூசியில் மாட்டி விட்டுவிடுகிறார்கள். மீன் வழுக்கிக்கொண்டே போய், அடிபடாமல் அலுங்காமல் தண்ணீரில் இறங்குகிறது!

அமெரிக்காவின் மறு கரையில், வட கரோலினாவில், இதையே ஒரு கலையாக்கிவிட்டார்கள். அங்கே ஒரு மீனுக்கு இரண்டு கோல். முதல் கோலின் தங்கூசியில் முள்ளே கிடையாது. கம்பிக் கால்கள் நீட்டிய ஈயக்குண்டு மணலில் நங்கூரமாகப் பதிந்திருக்கும். இரண்டாவது கோலின் தங்கூசியை, இழுத்தால் விட்டுவிடும் ஒரு கிளிப்பால் முதல் தங்கூசியில் தொங்கவிடுகிறார்கள். அதன் நுனியில் மென்ஹேடன் போன்ற உயிர் மீன். மேல் நீரில் சளப் சளப்பென்று அது அடிக்கும் ஓசைதான் அழைப்பு! பெரிய மீன் வந்து கவ்வியதும் கிளிப் விடுபடும், ரீல் அலறும், சண்டை இரண்டாவது கோலில் நடக்கும். இத்தனை ஏற்பாடும் எந்த மீனுக்காக? கிங் மேக்கரலுக்காக. அது யார் தெரியுமா? நம் வஞ்சிரத்தின் பங்காளி! அந்த மாநிலத்தின் கூரே கடற்கரையில் 1923-லேயே தூண்டில்காரர்களுக்கென்று பாலம் கட்டிவிட்டார்கள்.

வாயில் மாட்டாமல் வாலில் மாட்டும் சுறா!

தென் கலிபோர்னியாப் பாலங்களின் நுனியில் உயிர் மத்தியைப் போட்டுக் காத்திருப்பவர்களின் கனவு, சாட்டைவால் சுறா. உடம்பின் நீளத்தில் ஏறக்குறைய பாதி, வால்தான்! பிடிபடும் சுறாக்களில் பலவற்றுக்கு முள் வாயில் இல்லாமல் வாலில் குத்தியிருக்கும். காரணம்? இந்தச் சுறா இரையைக் கண்டதும் கடிப்பதில்லை, முதலில் வாலால் அடிக்கிறது! மயங்கி மிதக்கும் மீனைத் திரும்பி வந்து நிதானமாகச் சாப்பிடுகிறது. தூண்டில்காரர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்ததைத் தென் கலிபோர்னியாக் கடலில் நீருக்கடியில் படம்பிடித்து விஞ்ஞானிகள் 2010-ல் உறுதி செய்தார்கள். பிலிப்பைன்ஸ் கடலில் எடுத்து 2013-ல் வெளியான படங்களில், ஒரே வாலடியில் பல மத்திகள் சுருண்டதும் பதிவானது.

அந்த வெள்ளி மினுப்பு எங்கிருந்து வருகிறது?

மத்தியும் ஹெர்ரிங் என்ற மீனும் ஏன் இப்படிப் பளபளக்கின்றன? உலோகம் ஒன்றும் இல்லை. நம் மரபணுவில் இருக்கிறதே ‘குவானின்’, அதே பொருளின் படிகங்கள் தோலில் அடுக்கடுக்காக இருக்கின்றன. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, மீனைச் சுற்றியுள்ள நீரோடு கலந்துவிடச் செய்வதே அவற்றின் வேலை. சாதாரணக் கண்ணாடியிலும் தண்ணீரிலும் சில கோணங்களில் பட்டுத் திரும்பும் ஒளி ‘முனைவாக்கம்’ அடைந்து மங்கிவிடும். இந்த மீன்கள் அதையும் ஜெயித்திருக்கின்றன. இரண்டு வித குவானின் படிகங்களைக் கலந்து வைத்திருப்பதால், எந்தக் கோணத்திலும் மினுப்பு குறைவதில்லை என்று பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் காட்டினார்கள். மீன் செதிலின் இதே பளபளப்பைப் பிரித்தெடுத்துத்தான் செயற்கை முத்துக்கும் நகப்பூச்சுக்கும் பூசினார்கள். நெயில் பாலிஷில் மீன் இருந்தது தெரியுமா?

ஆனால் முள்ளில் மாட்டி நிலை தடுமாறும்போது மறைக்க வேண்டிய மினுப்பே காட்டிக்கொடுக்கும் மினுப்பாகிறது. தாறுமாறாக மின்னும் மீன் அடிபட்ட மீன் என்று வேட்டை மீன்களுக்குத் தெரியும். உயிர் இரையின் ரகசியமே அதுதான்.

‘நீர்மூழ்கி வந்துவிட்டது!’ என்று பயந்தால்...

சிரிக்காமல் படியுங்கள். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குள் ஒவ்வொரு குளிர்காலமும் ஹெர்ரிங் மீன்கள் முட்டையிட வருகின்றன. கடற்புல், பாறை, பாலத் தூண் என்று கண்டதிலெல்லாம் முட்டை அப்பிக் கிடக்கும். நல்ல இரை மீன். இந்த மீன் இரவில் எப்படிப் பேசிக்கொள்கிறது தெரியுமா? பின்பக்கமாகக் காற்று விட்டு!

மேல்மட்டத்தில் காற்றை விழுங்கி, வயிற்றுக்குள் காற்றுப்பையில் வைத்து, ஆசனவாய் வழியாகச் சின்னச் சின்னக் குமிழிகளாக விடுகிறது. டிக் டிக் டிக்கென்று தொடராக ஒலிக்கும் அந்தச் சத்தத்தை பசிபிக், அட்லாண்டிக் ஹெர்ரிங் இரண்டிலும் ஆய்வாளர்கள் 2003-ல் பதிவு செய்தார்கள். கூட்டம் பெருகினால் ஆளுக்கு ஆள் சத்தமும் பெருகியது! இருட்டில் கூட்டம் கலையாமல் இருக்க இது உதவலாம் என்பது அவர்கள் கருத்து.

இதற்கிடையில் சுவீடன் கடற்படை, தன் கடலுக்கடியில் விநோதச் சத்தம் கேட்டு, ரஷ்ய நீர்மூழ்கிகள் ஊடுருவிவிட்டன என்று வருடக்கணக்கில் பதறியது. 1990-களில் இரண்டு விஞ்ஞானிகள் அந்த ஒலியைக் கேட்டு, அது ஹெர்ரிங் கூட்டம் விட்ட காற்று என்று கண்டுபிடித்தார்கள். இரண்டு தரப்பு ஆய்வாளர்களுக்கும் சேர்த்து 2004-ல் இக் நோபல் விருது!

மீன் செதிலில் எழுதிய 1,700 வருடச் சரித்திரம்

சான்டா பார்பரா கரைக்கு எதிரே கடலடியில் ஒரு பள்ளம். அதன் அடிநீரில் பிராணவாயு மிகக் குறைவு. புழு பூச்சிகள் சேற்றைக் கிளற முடியாது. அதனால் வருடத்துக்கு ஒரு படலமாகச் சேறு கலையாமல் படிந்துகொண்டே வருகிறது. மேலே நீந்திய மத்தியும் நெத்திலியும் உதிர்த்த செதில்கள் அந்தந்த வருடப் படலத்தில் அப்படியே இருக்கின்றன!

அந்தச் சேற்றைக் குழாயில் எடுத்து, செதில்களை எண்ணி, 1992-ல் வெளிவந்த ஆய்வு 1,700 வருடக் கணக்கைச் சொன்னது. அந்தக் காலத்தில் மத்தி ஒன்பது முறை பெருகி ஒன்பது முறை சரிந்திருக்கிறது. பெரிய வலையோ இயந்திரப் படகோ இல்லாத காலத்திலும்! கடல் குளிர்வதும் சூடாவதும் முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

ஆனால் மனிதன் சேர்ந்தால் சரிவு இன்னும் மோசமாகும். 1936-37 பருவத்தில் 7,00,000 டன்னுக்கு மேல் பிடித்த மத்தித் தொழில், 1950-களின் தொடக்கத்துக்குள் படுத்துவிட்டது. ஜான் ஸ்டைன்பெக் 1945-ல் எழுதிய ‘கேனரி ரோ’ நாவலின் களமான மான்டரே ஊரின் டப்பா மீன் ஆலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. 1967-ல் மத்தி பிடிக்கவே தடை. பின்னர் மீன் திரும்பி வந்தது, மறுபடி குறைந்தது. 2015-ல் மேற்குக் கரையின் தொழில்முறை மத்தி வேட்டை மீண்டும் மூடப்பட்டது. தூண்டில் இரைக்கான உயிர் மத்திக்கு மட்டும் சிறு அனுமதி விட்டுவைத்தார்கள்!

கடல் அமைதியாக இருந்தால்தான் நெத்திலி பிழைக்கும், தெரியுமா?

கலிபோர்னியா நெத்திலி நாலு வயதைத் தாண்டுவது அபூர்வம். முட்டை இரண்டு முதல் நாலு நாளில் பொரியும். பொரிந்த குஞ்சுக்குச் சில நாளிலேயே சாப்பாடு வேண்டும். அதன் சாப்பாடு, கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகள். அவை நீரில் அடர்ந்த படலமாக இருந்தால்தான் குஞ்சுக்கு எட்டும். தென் கலிபோர்னியாவின் லா ஹோயாவில் ஆராய்ந்த விஞ்ஞானி ரூபன் லாஸ்கர் 1970-களில் சொன்னது இதைத்தான்: ஒரு பெருங்காற்று அடித்துப் படலம் கலைந்தால், சாப்பாடு இருந்தும் இல்லாமல் குஞ்சுகள் பட்டினியால் சாகும்!

எல்லாம் கூடிவந்தால்? 2014 ஜூலையில் அதே லா ஹோயாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வுப் பாலத்தையொட்டி ஒரு மாபெரும் நெத்திலிக் கூட்டம் வந்தது. கரையிலிருந்து பார்த்தவர்கள் எண்ணெய் கொட்டிவிட்டது என்றே நினைத்தார்கள். 30 வருடங்களில் இப்படிப் பார்த்ததில்லை என்றார்கள் அங்கிருந்த விஞ்ஞானிகள்.

ஹிட்ச்காக்கின் பறவைகளுக்குப் பித்துப் பிடிக்கவைத்த நெத்திலி!

1961 ஆகஸ்ட் 18, விடியுமுன். சான்டா குரூஸ் பக்கத்துக் கடலோர ஊர்களில் ஆயிரக்கணக்கான கடற்பறவைகள் வானிலிருந்து வந்து விழுந்தன. கூரையில் மோதின, தெருவிளக்கில் மோதின, வெளியே வந்தவர்களைக் கொத்தின. தெருவெல்லாம் பறவைகள் கக்கிய நெத்திலித் துண்டுகள்! பக்கத்தில் வீடு வைத்திருந்த இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், உள்ளூர்ப் பத்திரிகைக்குப் போன் போட்டு விவரம் கேட்டார். டாஃப்னே து மாரியேயின் சிறுகதையை வைத்து அவர் எடுத்த ‘தி பேர்ட்ஸ்’ 1963-ல் வந்து உலகத்தையே நடுங்கவைத்தது.

பறவைகளுக்கு என்ன ஆனது? விடை 30 வருடம் காத்திருந்தது. 1991-ல் மான்டரே விரிகுடாவில் கூழைக்கடாக்கள் தள்ளாடிச் செத்தன. வயிற்றில் நெத்திலி. நெத்திலிக்குள் டோமோயிக் அமிலம் என்ற நரம்பு நஞ்சு. ஒருவகை நுண்பாசி பெருகும்போது அந்த நஞ்சைச் சுரக்கிறது. பாசியை நெத்திலி தின்கிறது, நெத்திலியைப் பறவை தின்கிறது. பிறகு 1961-ல் சேகரித்துப் பத்திரப்படுத்தியிருந்த மிதவை உயிரிகளின் வயிற்றை ஆராய்ந்தபோது, அவை தின்றிருந்ததில் பெரும்பகுதி நஞ்சு சுரக்கும் அந்தப் பாசியே. மர்மம் தீர்ந்தது!

பயமுறுத்தும் தகவல் இன்னும் ஒன்று. இந்த நஞ்சு சமைத்தாலும் போகாது, ஐஸில் வைத்தாலும் போகாது. அது மீனின் குடலில்தான் அதிகம் சேரும். பாசி பெருகும் பருவத்தில் நெத்திலி, மத்தியைக் குடலோடு சாப்பிடாதீர்கள் என்று மாநிலம் எச்சரிப்பது இதற்காகத்தான்.

552 கூடு... ஒரே ஒரு குஞ்சு!

கூழைக்கடாவின் சோகம் அதற்கும் முந்தையது. கலிபோர்னியாவின் பழுப்புக் கூழைக்கடாவுக்கு நெத்திலிதான் முக்கிய ஆகாரம். லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் ஒரு பூச்சிமருந்துத் தொழிற்சாலையின் டிடிடி கழிவு சாக்கடை வழியாகக் கடலில் கலந்தது. நெத்திலி வழியாகக் கூழைக்கடாவுக்குள் புகுந்தது. முட்டை ஓடு மெலிந்து, தாய் அடைகாக்க உட்கார்ந்தாலே நொறுங்கியது! 1970-ல் அனகாபா தீவில் 552 கூடு முயற்சிகளில் பிழைத்தது ஒரே ஒரு குஞ்சு. 1972-ல் அமெரிக்கா டிடிடியைத் தடைசெய்தது. 2009-ல் அந்தப் பறவை அழிவுப் பட்டியலிலிருந்தே நீங்கும் அளவுக்கு மீண்டது. இன்று பாலத்துக் கைப்பிடிச் சுவரில் அமர்ந்து, யார் வாளியில் கைவைக்கலாம் என்று நோட்டம் விடுகிறது!

மீனுக்கே மூச்சு முட்டுமா?

2011 மார்ச் 8. ரெடோண்டோ பீச் ஊரின் படகுத்துறை விடிந்தபோது, தண்ணீர் தெரியவில்லை. லட்சக்கணக்கான செத்த மத்திகள் மட்டும்தான்! விஷமா என்று சோதித்தார்கள். உண்மை எளிமையானது. அளவுக்கு மீறிய கூட்டம் அந்த அடைப்புக்குள் நுழைந்து, இருந்த பிராணவாயுவை எல்லாம் உறிஞ்சி, மூச்சுத் திணறிச் செத்திருந்தது.

இரை வாளியிலும் நடப்பது இதேதான். ஆசைப்பட்டு முப்பது மீனை ஒரு வாளியில் அடைத்தால், அரைமணியில் எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டும். மீனைக் குறை, தண்ணீரை மாற்று, பேட்டரியில் ஓடும் குட்டிக் காற்றுப் பம்பு போடு, வாளியை நிழலில் வை. குளிர்ந்த நீர்தான் பிராணவாயுவை அதிகம் தாங்கும்.

நிலா பார்த்துக் கரையேறும் மீன்!

ஹாலிபட்டுக்கு இரையாகும் ‘கிரனியன்’, மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பௌர்ணமி, அமாவாசைக்கு அடுத்த சில இரவுகளில் கடலை விட்டு மணலுக்கே வந்துவிடுகிறது! பெண் மீன் வாலால் குழி தோண்டி, செங்குத்தாக நின்று முட்டையிடுகிறது. ஆண்கள் சுற்றி வளைந்து கருவூட்டுகின்றன. முட்டைகள் மணலுக்குள் காத்திருந்து, அடுத்த பெரிய ஓதத்தின் அலை உலுக்கினால்தான் பொரிகின்றன. அலை எட்டாவிட்டால் இன்னும் சில வாரங்கள் பொறுத்திருக்கும்! இதைப் பிடிக்க வலை கூடாது, தூண்டில் கூடாது, குழி கூடாது. வெறுங்கை மட்டும்தான். ஏப்ரல் முதல் ஜூன் வரை தொடவே கூடாது. மற்ற மாதங்களில் ஆளுக்கு 30 மீன்.

இரைக்குத் தடை போட்ட சுறா

2014 ஜூலை 5-ல் மன்ஹாட்டன் பீச் பாலத்தில் ஒருவர் போட்ட தூண்டிலில் இளம் வெள்ளைச் சுறா மாட்டியது. வெகுநேரம் போராடி மிரண்ட சுறா, அருகில் நீந்திய ஒருவரைக் கடித்துவிட்டது. அவர் பிழைத்தார். ஊர் நிர்வாகம் அந்தப் பாலத்தில் தூண்டிலுக்குத் தற்காலிகத் தடை போட்டது. 2023 முதல் மாநிலச் சட்டமே வந்துவிட்டது. வெள்ளைச் சுறா தென்படும்போது பாலத்தருகில் அதை ஈர்க்க இரை போடுவது குற்றம்!

கடைசியாக, முள்ளுக்கு வயது என்ன தெரியுமா?

ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுக் குகையில் கிடைத்த, கடல் நத்தை ஓட்டில் செதுக்கிய தூண்டில் முள்ளுக்கு வயது சுமார் 23,000! கலிபோர்னியாவுக்குத் தெற்கே மெக்சிகோவின் செட்ரோஸ் தீவில் கிடைத்த சிப்பி முட்கள் சுமார் 11,000 வருடப் பழசு. இரும்புக்கும், மண்பானைக்கும், சக்கரத்துக்கும் முன்பே அந்தக் கரையில் தூண்டில் இறங்கிவிட்டது.

ஆகவே, நீங்களோ உங்கள் பிள்ளைகளோ அந்தப் பாலங்களில் ஏறி நிற்கும் வாய்ப்பு வந்தால் மூன்றை மட்டும் மறக்காதீர்கள். தேவைக்கு மேல் இரை பிடிக்காதீர்கள். மிஞ்சிய உயிர் மீனைப் பிடித்த தண்ணீரிலேயே விடுங்கள், வேறு நீரில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். அறுந்த தங்கூசியைக் கடலில் எறியாமல் குப்பைத்தொட்டியில் போடுங்கள், அது கூழைக்கடாவின் காலையும் சிறகையும் சுற்றிக்கொள்ளும். பெரிய மீனோடு படம் எடுத்துப் போடுவதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பெரிய மீன் அங்கே இருப்பதற்குக் காரணம், கீழே கோடிக்கணக்கில் சின்ன மீன் இருப்பதுதான். அளவோடு எடுங்கள்!